கோல்ல யாரு நிக்கிறா?

சிலாங்கூருக்கு ஆட்டம் இருக்கிற நாளில் போர்ட் கிள்ளானில் காலையிலேயே கிளம்பிவிடும் கேள்வி இது. 1970களையும் 80களையும் பார்த்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். யார் ஜெயிப்பார்கள் என்பதைவிட யார் இறங்குவார்கள் என்பதைப் பற்றித்தான் அன்று அதிகம் பேசினோம் என்பார்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பதினோரு பெயரும் கைப்பேசியில் வந்து விழுகிற காலமல்ல அது. முதல் நாள் தமிழ் நேசனிலோ மலாய்ப் பத்திரிகையிலோ வந்த நாலு வரி, கோலாலம்பூரில் பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்த லோரி டிரைவரின் வாய்மொழி, அவ்வளவுதான் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டு முடிதிருத்தும் கடையிலும் ஒட்டுக்கடையிலும் துறைமுகக் கிடங்கு வாசலிலும் அணியை எழுதி, அழித்து, திரும்ப எழுதுவார்கள்.

"அவனுக்கு ஃபோர்ம் போயிடுச்சுண்ணே. பினாங்கு ஆட்டத்துல பாத்தீங்கல்ல?"

"ஃபோர்ம் வரும், போவும். கையி எங்க போவும்? அந்த நீளம் வேற யாருக்கு இருக்கு?"

"அப்ப பழைய பேருக்காக நிக்க வைக்கணுமா?"

இப்படித்தான் போகும் பேச்சு. அந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவன் ஓர் இடத்தில் நிற்க எது தகுதி? நேற்றுச் சம்பாதித்த பெயரா, இன்று ஆடுகிற ஆட்டமா, ஆளைத் தெரிந்திருப்பதா? தோட்டத்திலும் துறைமுகத்திலும் அரசாங்க அலுவலக ஜன்னலிலும் தமிழர்கள் மனசுக்குள் கேட்டுக்கொண்ட கேள்விதான். அதை வாய்விட்டுக் கேட்க முடிந்த இடம், மலாய்க்காரரையும் சீனரையும் எதிரே உட்கார வைத்துக் கேட்க முடிந்த இடம், காற்பந்துப் பேச்சு.

போர்ட் கிள்ளான் 1901-இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. இன்றைய பெயர் 1972-இல் வந்தது. 1963 வரை துறைமுகத்தை நடத்தியது மலாயா ரயில்வே. ஆகவே இங்கே மூட்டை இறக்கியவரும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கியவர்கள். நடுவில் தோட்டங்கள்: காப்பார், புக்கிட் ராஜா, சுங்கை ரெங்கம், கடல் பக்கம் கேரித் தீவு. செய்தியும் வதந்தியும் ஆட்டக்காரர்களும் போய் வந்த தடம் இதுதான்.

கிண்ணத்தின் கதை கடல் வழியாக வந்தது. 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் இந்தப் பக்கம் வந்து போனது. அதைச் சேர்ந்தவர்கள் அளித்த கோப்பைதான் மலாயாக் கிண்ணம், பின்னாளில் மலேசியக் கிண்ணம். முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூர் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றது. அடுத்த ஆண்டே கிண்ணத்தை எடுத்துக்கொண்டது. இதுவரை 33 முறை எடுத்திருக்கிறது. கோலாலம்பூரில் டி.பி.சி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் தமிழர் சங்கம் 1914-இலேயே தொடங்கிவிட்டது. அது பெரும்பாலும் அலுவலகங்களில் எழுத்து வேலை பார்த்த இலங்கைத் தமிழர்களின் திடல். தோட்டத்துப் பந்து வேறு மாதிரி.

துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பது 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. அதில் முன்நின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சைக்கிளில் உட்கார்ந்து போவதற்கே போராட வேண்டியிருந்த உலகத்தில், தோட்டத்துத் திடலில் யார் இறங்குவது என்பதை யார் முடிவு செய்திருப்பார்கள்? கிராணி மகனிடம் பூட்ஸ் இருந்தது. பால்மரம் வெட்டுகிறவர் மகனிடம் கால் இருந்தது. கங்காணி வீட்டுப் பையனுக்கு ஆடத் தெரியாவிட்டாலும் அவன் பட்டியலில் இருப்பான் என்று பழைய தோட்டக்காரர்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஆனால் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்று வந்துவிட்டால் கதை மாறும். தோற்றால் அடுத்த தீபாவளி வரைக்கும் பேச்சு கேட்கவேண்டும். அன்றைக்கு மட்டும் கால் உள்ளவனை லயம் லயமாகத் தேடுவார்கள். தகுதி என்ற ஒன்று இருக்கிறது, தோற்கும் பயம் வந்தால் மேலே இருப்பவனும் அதற்கு இறங்கி வருவான் என்பதைத் தோட்டத்து ஜனங்கள் இப்படித்தான் கண்ணால் பார்த்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பார்வை மாநில அணிக்கும் தேசிய அணிக்கும் நகர்ந்தது. மெர்டேக்கா அரங்கம் 1957 ஆகஸ்ட் 30 அன்று திறக்கப்பட்டது. மறுநாள் அதே புல்தரையில்தான் நாட்டின் சுதந்திரம் அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இரண்டு பட்டியல்கள் தமிழர் வாழ்க்கையில் ஒன்றாகக் குறுக்கிட்டன.

முதல் பட்டியல் பெர்மிட். 1969 மே கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி வாங்கவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள், அதாவது பிறந்ததை நிரூபிக்கத் தாள் இல்லாதவர்கள், விண்ணப்பம் போடத் தெரியாதவர்கள், போட்டும் கிடைக்காதவர்கள், வேலை இழந்தார்கள். சுமார் 60,000 இந்தியர்கள் அந்தக் காலத்தில் நாட்டை விட்டுப் போனதாகக் கணக்கு சொல்கிறார்கள். ரஜூலா கப்பல் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போன துறைகளில் நம்முடைய துறையும் ஒன்று. பாதி வாழ்க்கையை இங்கே கழித்தவர்கள் தகரப்பெட்டியோடு வரிசையில் நின்றார்கள்.

இரண்டாவது பட்டியல் தேசிய அணி. 1971-இல் சியோலில் தென்கொரியாவை 1-0 என்று வென்று, மலேசியா மியூனிக் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. 1972-இல் அங்கே அமெரிக்காவை 3-0 என்று வென்றது, மேற்கு ஜெர்மனியிடமும் மொராக்கோவிடமும் தோற்றது. அந்த அணியில் சிலாங்கூரின் எம். சந்திரன் இருந்தார். ஒரே துறைமுகத்தில், ஒரே மாதங்களில், ஒரு பட்டியலில் தமிழ்ப் பெயர் ஏறுகிறது, இன்னொரு பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் கழிகின்றன. முதல் பட்டியலை எந்த அளவுகோலால் போட்டார்கள் என்று தொழிலாளிக்குப் புரியவில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லை. இரண்டாவதைப் பற்றி அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். சந்திரன் ஏன் இருக்கவேண்டும் என்று காரணத்தோடு சொல்லலாம். எதிரே இருப்பவர் மறுத்தால், அவரும் காரணத்தோடுதான் மறுக்கவேண்டும். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசியவர்களை வெட்டிப்பேச்சுக்காரர்கள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

பிறகு வந்தார் ஆர். ஆறுமுகம். கை நீளத்துக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய கோல்கீப்பர். மொக்தார் டஹாரி, சோ சின் ஆவுன், சந்தோக் சிங் என்று மூன்று இனத்துப் பெயர்களும் மூச்சு விடாமல் சேர்த்துச் சொல்லப்பட்ட காலம் அது. கோல்கீப்பர் இடத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. முன்னணியில் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர் என்று சமாதானம் பேசலாம். கோல் கம்பத்துக்கு நடுவில் ஒருவன்தான். அவன் தப்பு மறைக்க முடியாத தப்பு, ஸ்கோர்போர்டில் ஏறிவிடும். அதனால்தான் சண்டை எப்போதும் அந்த இடத்தில் வந்து நின்றது.

'நம்ம பையன்' என்ற பாசம் இல்லாமல் இல்லை. தமிழர்கள் ஆறுமுகத்துக்காகக் கொஞ்சம் அதிகமாகத்தான் கத்தினார்கள். மற்றவர்களும் அவரவர் ஆளுக்குக் கத்தினார்கள். ஆனால் அந்தப் பாசத்தை மட்டும் வைத்து வாதத்தில் ஜெயிக்க முடியாது. பறந்து பிடித்த பந்தைச் சொல்லவேண்டும், மழையில் வழுக்காமல் நின்றதைச் சொல்லவேண்டும். எதிர்க்கட்சிக்காரர் அவர் விட்ட கோலை எண்ணிச் சொல்வார். அதற்குப் பதில் வேண்டும். இன அபிமானத்தோடு வந்து உட்கார்ந்தவன்கூட ஆட்டத்தின் மொழியில் பேசித்தான் ஆகவேண்டும்.

1980 ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று மலேசியா வென்றது. வெற்றி கோல் ஜேம்ஸ் வோங்குடையது. கோலில் நின்றவர் ஆறுமுகம். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இடம் கிடைத்தது. ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து நாடுகள் விலகியபோது மலேசியாவும் விலகியது. ஆடித் தகுதி பெற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். ஆட்டத்துக்கு வெளியே இருந்து வந்த முடிவு, ஒட்டுக்கடைக்காரர்கள் காரணம் காட்டி வாதாட முடியாத முடிவு. 2016-இல் வந்த 'ஓலா போலா' படம் அந்த அணியின் சாயலில் எடுக்கப்பட்டது. அதில் வரும் கோல்கீப்பர் முத்துவைப் பார்த்துத்தான் இன்றைய பிள்ளைகளில் பலர் ஆறுமுகத்தைப் பற்றி முதன்முதலில் கேட்டார்கள். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது அவருக்கு வயது 35.

இந்தப் பேச்சு எப்போது கெட்டது என்று கேட்டால் 1994 என்று சொல்வேன். அந்த ஆண்டு வெளியான ஊழலில் 21 ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் நீக்கப்பட்டார்கள், 58 பேர் தடை செய்யப்பட்டார்கள், 126 பேர் விசாரிக்கப்பட்டார்கள். 'கேலோங்' என்ற சொல் வீட்டுச் சொல்லானது. அதுவரை கோல்கீப்பர் ஒரு பந்தை விட்டால் 'ஃபோர்ம் இல்ல' என்பார்கள். அதற்குப் பிறகு 'எவ்வளவு வாங்குனானோ' என்றார்கள். முதல் வாக்கியத்துக்கு எதிர்வாதம் உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. ஒருவன் நேர்மையாகத் தடுமாறுகிறான் என்று நம்பினால்தான் அவன் திறமையைப் பற்றி விவாதிக்க முடியும். அந்த நம்பிக்கை போனதும் ஒட்டுக்கடையில் பேச்சு ஆங்கில லீக்குக்கு மாறியது. லிவர்பூலின் நடு ஆட்டக்காரரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு உள்ளூர் அணியில் மூன்று பெயர் தெரியாத நிலை அப்படித்தான் வந்தது.

அதே 1994-இல் ஷா ஆலாம் அரங்கம் திறக்கப்பட்டது. 80,000 பேர் உட்காரலாம் என்றார்கள். ஷா ஆலாம் என்பது பழைய சுங்கை ரெங்கம், ரப்பரும் செம்பனையும் இருந்த தோட்டப் பூமி. தோட்டங்கள் நகரமான கதை கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் நடந்தது. 1980க்கும் 2000க்கும் இடையில் நாடு முழுவதும் தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்ட இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். லயத்துக்குப் பதில் அடுக்குமாடி வீடு கிடைத்தது, சிலருக்கு அதுவும் இல்லை. கோயிலுக்காகப் போராடினோம், தமிழ்ப்பள்ளிக்காகப் போராடினோம். போராடவேண்டிய இடங்கள்தான் அவை. திடலுக்காக யாரும் பெரிதாகப் போராடியதாகத் தெரியவில்லை. கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே இருந்த அந்தப் புல்வெளி சொத்தாக யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கேள்வி மாறியது. 'கோல்ல யாரு நிக்கிறா' என்பது போய் 'நம்மாளு யாராச்சும் இருக்கானா' என்றானது. அதற்கு இரண்டு விதமான பதில்கள் கிடைத்தன.

ஒன்று, கே. ராஜகோபால். சிலாங்கூரில் ஆடியவர், பயிற்சியாளரானவர். 2009 சீ விளையாட்டில் தங்கம். 2010 ஆசியான் கிண்ணத்தில், பெரும்பாலும் இளைஞர்களைக் கொண்ட அணியோடு போய், முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று உதை வாங்கினார். அன்றைக்கு அவர் தேர்வைத் திட்டாத வாய் இல்லை. அதே மாதம் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலில் இறுதியாட்டத்தில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணத்தை எடுத்தார். பட்டியல் போடுகிறவர் நம்மவர். ஆனால் பட்டியலில் நம் பெயர் எஸ். குணாளன் மாதிரி ஒன்றிரண்டுதான். இதற்காக ராஜகோபால்மீது குறைப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். பெயர் பார்த்துத் தேர்வு செய்யாதே என்று முப்பது ஆண்டுகள் கேட்டவர்கள், நம் ஆள் வந்ததும் பெயர் பார்க்கச் சொன்னால் பழைய வாதத்துக்கு என்ன மதிப்பு?

இரண்டாவது பதில், சொந்த அணி. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் மீஃபா அணி 2017-இல் பிரீமியர் லீக்குக்கு வந்தது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. பல இந்திய இளைஞர்களுக்குச் சம்பளமும் சீருடையும் மைதானமும் கொடுத்தது அது. 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகிவிட்டது. அந்த முயற்சியைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஓர் அணி நின்றால் ஒரு தலைமுறையின் வாசலே மூடிக்கொள்கிறது என்பதை அந்த விலகல் காட்டியது. பழைய காலத்தில் ஒரு தோட்டத்தின் அணி கலைந்தால் பக்கத்துத் தோட்டத்தில் இன்னொன்று இருந்தது.

ஷா ஆலாம் அரங்கத்தையும் இப்போது இடித்துவிட்டார்கள், அதே இடத்தில் புதிது எழும்ப இருக்கிறது. அதில் சிலாங்கூருக்காக இறங்கப்போகும் பதினோரு பேர் இன்று பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். மாதக் கட்டணம் கட்டிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள். போர்ட் கிள்ளான் அடுக்குமாடியில், அப்பா இரவு ஷிப்டும் அம்மா தொழிற்சாலையுமாக இருக்கிற வீட்டில், கார் நிறுத்துமிடத்துச் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கும் பையனைப் பற்றி ஒட்டுக்கடையில் இன்னும் யாரும் வாதாடவில்லை. அணிப் பட்டியல் வெளியான பிறகு நம் பெயர் ஏன் இல்லை என்று கேட்பது சுலபம். அந்தப் பையனுக்கு இடது கால் நன்றாக வருகிறதா, பந்தைப் பார்த்துப் பயப்படாமல் நிற்கிறானா என்று நாலு பேர் சனிக்கிழமை சாயங்காலம் திடலோரம் நின்று சண்டை போட்டால், பத்து வருஷம் கழித்துப் பட்டியலைப் பற்றிப் பேச நமக்கு ஏதாவது இருக்கும்.