சட்டத்திற்கு முந்திய கெடு

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையை அதன் கெடுக்களை நோக்கி நாம் வாசித்தல் தகும். போர் ஓய 48 மணி நேரம். அதன்பின் 72 மணி நேரத்துள் ஆயுத ஒப்படைப்பு. அதுவும், ஒப்பமிடாத போராளிகளுக்கு! அவர்களுக்கு ஈடாக எதைத் தருவதென்று கூறவேண்டிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தமோ நவம்பரில்தான் நிறைவேறிற்று. ஈரம் பார்த்து விதைக்கும் நம் குன்னத்து மானாவாரி உழவருக்கு இக்கணக்கு விளங்காது. அதற்குள், அக்டோபரிலேயே, இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்குமிடையே போர் மூண்டுவிட்டது. வடக்குடன் இணைந்திருப்பது பற்றிக் கிழக்கு மக்களிடம் 1988 டிசம்பர் 31க்குள் நடந்திருக்கவேண்டிய பொதுவாக்கெடுப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாதென்றது. அந்த வாக்கெடுப்பு நடக்கவேயில்லை.