திரை வசனமும் சிறுவர் நெறியும்

நகரத்துச் சிறுவன் ஒருவன் குற்றவாளியாக வளரும் கதையைத் திரைப்படங்கள் பன்முறை கூறியுள்ளன. அக்கதைகளில் அறத்தை எடுத்துரைக்கும் பொறுப்பு வசனத்தைச் சார்ந்தது. அவ்வறத்தை யார் வாயில் வைப்பது என்பதில் காலந்தோறும் நிகழ்ந்த மாற்றம், தோட்டத்தில் பிறந்து நகரில் வாழப்போகும் பிள்ளைகளின் ஆசிரியர்கள் கருதத்தக்கதாகும்.

1951-இல் வெளிவந்த 'ஆவாரா' என்னும் இந்திப் படத்தில் அறம் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. நீதிபதி ஒருவர் ஐயத்தால் மனைவியை விரட்டுகிறார். அவள் பெற்ற மகன் சேரியில் வளர்ந்து திருடனாகிறான். குற்றம் குருதியில் வருவதன்று, சூழலில் விளைவது என்பதே அப்படத்தின் வாதம். மறு ஆண்டுத் தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில் குணசேகரன் சிறுவனல்லன். ஆயினும், மு. கருணாநிதியின் வசனம் கூண்டில் நின்ற அவனையே வழக்குரைஞன் ஆக்கிற்று. குற்றத்திற்குச் சமுதாயமே விடைகூற வேண்டும் என்றான் அவன். இவ்விரு படங்களிலும் அறம் ஐயத்திற்கு இடமின்றி முழங்குகிறது.

1987-இல் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' வேறு வழி சென்றது. தந்தையைக் கொன்ற காவலரைக் குத்திவிட்டுப் பம்பாய்க்கு ஓடிய சிறுவன் தாராவியில் வளர்கிறான். பிறர் பசி தீருமாயின் எச்செயலும் தவறாகாது என்பது அங்கே அவன் கற்ற பாடம். அதையே நெறியாகக் கொண்டு தலைவனாகிறான். அந்நெறியை அவன் மகளே மறுக்கிறாள். இறுதியில், நல்லவரா கெட்டவரா என்று பேரன் வினவ, அவனுக்கு விடை தெரியவில்லை. பாலகுமாரனின் வசனத்தில் தீர்ப்பு வினாவாயிற்று.

2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' இவ்வினாவை மலேசியத் தமிழரின் வீட்டுக்குள் கொணர்ந்தது. தீயவன் எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லின் பேச்சு வடிவமே அதன் பெயர். 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், 2016-இல், சிறந்த மலேசியப் படமாக அது தேர்வு பெற்றது. ரப்பர்த் தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழ நேர்ந்த குடும்பத்தின் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்போய். படி என்கிறார் தந்தை மணியம். சொல்லோடு அடியும் வருகிறது. சிற்றப்பன் மெக்சிகோவோ குண்டர் கும்பலைச் சேர்ந்தவன். நீதிமன்றச் சொற்பொழிவு இங்கு இல்லை. மலாய் கலந்த வீட்டுத் தமிழில் பெரியோர் சொல்வதையும், அவர்கள் வாழ்வதையும் சிறுவன் ஒப்பிட்டுப் பார்க்கிறான். சொல்லுக்கும் வாழ்வுக்கும் இடைப்பட்ட பிளவில்தான் அவன் வழுக்கி விழுகிறான்.

சமவெளியில் ரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது பெருந்திரளான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. கேமரன் மலையில், 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இன்றும் பசுமையாக நிற்கிறது. ஆயினும், மலையில் தோட்டம் நிலைத்தது என்பதனால் பிள்ளைகளும் அங்கேயே நிலைப்பர் என்பதில்லை. மேற்படிப்புக்கும் வேலைக்கும் அவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்குகின்றனர். அங்கே அன்போடு அழைக்கும் முதற்குரல் மெக்சிகோவின் குரலாக இருத்தல் கூடும்.

ஆதலின், நன்னெறிப் பாடத்தில் அறிவுரையை மனனம் செய்வித்தல் போதாது. இதைச் சொல்பவர் யார், அதன்படி அவர் வாழ்கிறாரா, கேட்பவன் ஏன் ஏற்கிறான் என்னும் வினாக்களை மாணவர்க்குப் பழக்குதல் வேண்டும். அவ்வாறு பழகிய பிள்ளை அன்புமொழியில் வரும் தீமையையும் அடையாளம் காணும். அவ்வினாக்களுக்கு முதலில் உட்படுவது ஆசிரியரின் சொல்லே என்பதையும் மறத்தலாகாது.