ஒரே ஊர், ஒரே வாத்தியார், இரண்டு காலாட்டம்

1980-ம் ஆண்டின் தொடக்கம். சென்னை நேரு ஸ்டேடியத்தில், முதல்வர் எம்.ஜி.ஆர். முன்னிலையில், கண்காட்சிச் சண்டைக்காக மேடையேறினார் முகமது அலி. எதிர்மூலையில் ஜிம்மி எல்லிஸ். அவரும் முன்னாள் உலக சாம்பியன்.

இருவரும் அமெரிக்காவின் லூயிவில் நகரத்துக்காரர்கள். அமெச்சூர் காலத்தில் இரண்டு முறை மோதி, ஆளுக்கொரு வெற்றி கண்டவர்கள். தொழில்முறைச் சண்டையில் இருவருக்கும் வாத்தியார் ஏஞ்சலோ டண்டீ. வடசென்னை வழக்கில் சொன்னால், இருவரும் ஒரே பரம்பரை. ஆனால் காலாட்டத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லவே தோன்றாது.

அலி 6 அடி 3 அங்குலம். இடது கையைத் தாழ்த்தி, முன்பாதத்தில் நின்று, தன் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். எதிராளியின் இடது ஹுக்கை விட்டு விலகும் வழி அது. குத்து வந்தால் குனிய மாட்டார். தலையைப் பின்னுக்கு இழுப்பார். வேறு யார் செய்தாலும் வாத்தியார் உடனே திருத்துகிற பழக்கம். அலிக்கு அது பலித்ததற்குக் காரணம் கால். தலை சாயும்போதே கால்கள் அவரை எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோயிருக்கும். 1966 நவம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் முடித்தாரே, அதுதான் அந்தக் காலாட்டத்தின் உச்சம். பாதங்களை முன்னும் பின்னும் படபடவென மாற்றும் 'அலி ஷஃபிள்' அன்று உலகறிந்தது.

எல்லிஸ் மிடில்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட்டுக்கு வளர்ந்தவர். அலியைப் போலச் சுற்றிச் சுற்றி ஆட அவர் முயலவில்லை. ஓரடி பின்வைத்து, எதிராளியை வரவிட்டு, வலது கையால் பதிலடி கொடுப்பார். 1967-ல் ராணுவத்தில் சேர மறுத்த அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. அதற்காக உலகக் குத்துச்சண்டைச் சங்கம் 8 பேரை வைத்து நடத்திய போட்டியில், 1968 ஏப்ரலில் ஜெர்ரி குவாரியை 15 சுற்று ஆடிப் புள்ளிகளில் வென்று பட்டம் பெற்றார் எல்லிஸ்.

அந்தப் பாணியின் பலவீனத்தைக் காட்டியவர் ஜோ ஃபிரேசியர். குனிந்து, தலையை இருபுறமும் ஆட்டியபடி உள்ளே புகுந்துகொண்டே இருப்பவர் அவர். பின்வாங்கி அடிப்பவருக்கு இடைவெளி வேண்டும். ஃபிரேசியர் அதைத் தரவில்லை. 1970 பிப்ரவரியில் நான்காம் சுற்றில் எல்லிஸ் இரண்டு முறை விழுந்தார். ஐந்தாம் சுற்றுக்கு டண்டீ அவரை அனுப்பவில்லை.

1971 ஜூலையில், அதே ஆஸ்ட்ரோடோமில் அலியும் எல்லிஸும் மோதினார்கள். டண்டீ நின்றது எல்லிஸின் மூலையில். மூன்றரை ஆண்டுகள் மேடையேற முடியாதிருந்த அலியின் கால்களில் பழைய வேகம் குறைந்திருந்தது. ஆட்டத்தைக் குறைத்து, ஊன்றி நின்று குத்தினார். 12-ம் சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். 1974-ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்றே ஜார்ஜ் ஃபோர்மேனைக் களைக்கவைத்து, 8-ம் சுற்றில் சாய்த்ததும் இதே அலிதான்.

சென்னைக்கு வந்தபோது அலிக்கு வயது 38. கண்ணில் பட்ட காயத்தால் 1975-லேயே ஓய்வுபெற்றிருந்த எல்லிஸுக்கு 40 நெருங்கியிருந்தது. அந்த மேடையில் நம் ஊர் பார்த்தது இரு பெரிய வீரர்களை மட்டுமல்ல, ஒரு நல்ல வாத்தியாரின் வேலையையும்தான். டண்டீ தன் சீடர்களை ஒரே அச்சில் வார்க்கவில்லை. உயரமும் வேகமும் உள்ளவனைச் சுற்றவிட்டார். சிறிய உடம்புக்காரனுக்குப் பொறுமையைக் கொடுத்தார்.

'சார்பட்டா பரம்பரை' படத்தில் டான்சிங் ரோஸின் காலாட்டத்தை ரசித்த இளைஞர்கள் இன்று ஆசையோடு கிளவுஸ் மாட்டுகிறார்கள். அவர்களிடம் "ரோஸ் மாதிரி ஆடு, அலி மாதிரி ஆடு" என்று சொல்லிவிடுவது எளிது. பையனின் உயரத்தையும் மூச்சையும் நின்று கவனித்து, அவனுக்கான காலாட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பவரே வாத்தியார்.

அடுத்த வாரம்: சார்பட்டாவும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும்.

(தொடரும்)