முகப்பில் இடம்பெறாத பெயர்கள்

அறிவியலின் வரலாற்றைப் பெரும் பெயர்களின் வரலாறாகவே நாம் கற்று வந்திருக்கிறோம்; அவ்வாறே கற்பித்தும் வருகிறோம். ஒரு கண்டுபிடிப்பு, ஒரு பெயர், ஓர் ஆண்டு என மனனஞ் செய்து எழுதினாற் பரீட்சையிற் புள்ளி கிடைத்துவிடும். ஆயின், பலரது உழைப்பால் விளைந்த அறிவு ஒருவர் பெயருக்கு உரித்தாவது எவ்வாறு என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. அவ்வினாவுக்கு விடை தேட, ஐக்கிய அமெரிக்காவின் ஹார்வார்ட் வான் அவதான நிலையத்தின் வரலாறு பெரிதும் உதவும்.

1877 முதல் 1919 வரை அந்நிலையத்தின் பணிப்பாளராக இருந்தவர் எட்வேட் பிக்கரிங். விண்மீன்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் கண்ணாடித் தகடுகளிற் படம்பிடித்து, அவற்றை வகைப்படுத்துவது அவரது பெருந்திட்டம். 1882 இல் மறைந்த ஹென்றி டிறேப்பர் என்னும் வானியலாளரின் மனைவி, கணவரின் நினைவாக 1886 முதல் இதற்குப் பணம் வழங்கினார். தகடுகள் குவிந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து குறிப்பெடுக்கும் உழைப்பு, ‘கணிப்போர்’ என அழைக்கப்பட்ட பெண்களின் கைக்கு வந்தது. அவர்களுட் பலர் பெற்ற கூலி, மணித்தியாலத்துக்கு 25 சதம்.

இவர்களுள் மூத்தவர் வில்லியமினா பிளெமிங். ஸ்கொட்லாந்திலிருந்து வந்து, கணவனாற் கைவிடப்பட்டு, பிக்கரிங்கின் வீட்டிற் பணிப்பெண்ணாக இருந்தவர். 1890 இல் வெளிவந்த டிறேப்பர் பட்டியலில் 10,351 விண்மீன்கள் இடம்பெற்றன. அவற்றை வகைப்படுத்தியதில் பெரும்பங்கு பிளெமிங்கினுடையது. எனினும், பட்டியல் தாங்கிநின்றது டிறேப்பரின் பெயரை. ஆசிரியராக நின்றவர் பிக்கரிங். பிளெமிங்குக்குக் கிடைத்தது முன்னுரையில் ஓரிடம். ஆண் உதவியாளர் சிலருக்கு ஆண்டுக்கு 2,500 டொலர் கிடைக்க, தமக்கு 1,500 டொலரே கிடைப்பதை 1900 ஆம் ஆண்டின் நாட்குறிப்பில் அவர் வெதும்பி எழுதியிருக்கிறார்.

இந்நிலையைக் கேள்விக்கு உட்படுத்தியவர் அன்ரோனியா மோரி. இவர் டிறேப்பரின் மருமகள், பட்டம் பெற்றவர், 1888 இல் வேலைக்குச் சேர்ந்தவர். நிறமாலைக் கோடுகள் சில விண்மீன்களில் வழமைக்கு மாறாக மெல்லியனவாயும் கூரியனவாயும் இருப்பதைக் கண்டு, அவற்றைச் ‘சி’ என்ற குறியால் வேறுபடுத்தினார். பிக்கரிங்குக்கு வேண்டியது விரைவு. மோரிக்கு வேண்டியது நுட்பம். முரண்பாடு முற்றவே மோரி நிலையத்தை விட்டு நீங்கினார். முடிவுறாத வேலையைப் பிறரிடம் ஒப்படைக்குமாறு கேட்டபோது, அது தமது வேலையென விளங்கும்வரை ஒப்படைப்பது நியாயமன்று என எழுதினார். 681 விண்மீன்களைப் பற்றிய அவ்வாய்வு 1897 இல் வெளிவந்தபோது, அதன் முகப்பில் அவர் பெயர் இருந்தது.

இது தற்பெருமையா? அறிவு பொதுச் சொத்து என்று கூறும் நாம், பெயருக்காக வழக்காடுவதைச் சிறுமையென ஒதுக்கலாமா? பின்னர் நிகழ்ந்ததே இதற்கு விடை. 1905 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹேர்ட்ஸ்பிரங், மோரியின் ‘சி’ விண்மீன்கள் மிகு ஒளியுடைய பேருருவங்கள் என உணர்ந்தார். ஹார்வார்ட்டின் பிற்பட்ட பட்டியல்கள் அக்குறியைக் கைவிட்டிருப்பதைக் கண்டு, திமிங்கிலத்துக்கும் மீனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த பின்னும் அவற்றை ஓரினமாகவே வைப்பது போன்றது இதுவென 1908 இல் பிக்கரிங்குக்கு எழுதினார். பிக்கரிங் இணங்கவில்லை. 1922 இலேதான் அனைத்துலக வானியல் ஒன்றியம் அவ்வேறுபாட்டுக்கு இடமளித்தது. மோரி தமது வேலையைத் தமதென்று காத்திராவிடின், அந்நுட்பமும் விரைவுக்கு இரையாகியிருக்கக்கூடும். உழைத்தவர் பெயரை அழிப்பவன் உழைப்பின் ஒரு பகுதியையும் அழிக்கிறான் என்பதே இதன் பொருள்.

பிக்கரிங்குக்கும் நாம் நீதி செய்தல் வேண்டும். விண்மீன்களின் ஒளிமாற்றக் காலத்துக்கும் ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பைக் கூறும் 1912 ஆம் ஆண்டின் அறிக்கையில் அவரே கையொப்பமிட்டார். ஆயின், அதனைத் தயாரித்தவர் ஹென்றியெற்றா லெவிற் என்பதை முதல் வாக்கியத்திலேயே குறித்தார். அண்டத்தின் தூரங்களை அளக்க வழிதந்த அக்கண்டுபிடிப்பை இன்று நாம் லெவிற்றின் பெயரோடு கூறுகிறோம். நேர்மையான ஒரு வாக்கியம் வரலாற்றைக் காக்கவல்லது. எனினும் உரிய மதிப்பு உரிய காலத்தில் வரவில்லை. நொபெல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழியும் எண்ணத்தோடு சுவீடன் நாட்டுக் கணிதவியலாளர் மித்தாக்-லெவ்லர் 1925 இல் அவருக்குக் கடிதம் எழுதினார். லெவிற் 1921 இலேயே மறைந்துவிட்டார்.

இன்று நிலைமை வேறு. 2015 இல் வெளிவந்த பௌதிகக் கட்டுரையொன்றின் ஆசிரியர்கள் 5,154 பேர்! பெயர்களை நிரைப்படுத்தினாற் போதாது, யார் எப்பணியைச் செய்தார் என்றும் கூறவேண்டுமென, பங்களிப்புகளை 14 வகையாகப் பிரித்துக் குறிக்கும் முறை 2014 முதற் பரவி வருகிறது.

கூட்டுழைப்பின் பெயரால் தனிப் பெயர்கள் மறைக்கப்படும்போது எல்லாப் பெயர்களும் மறைவதில்லை; மேலே இருப்பவரின் பெயர் எஞ்சி நிற்கிறது. வீடு வீடாகச் சென்று தரவு திரட்டும் மாணவனும், ஏடுகளை இரவிரவாகப் பிரதிசெய்யும் மாணவியும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களது உழைப்பின்மீது கட்டுரை எழுதும் ஆசிரியர்களும் நம்மவரே. அவர்கள் செய்ததை அவர்கள் பெயரோடு எழுதுவது நன்றியறிதல் மட்டுமன்று. உண்மையின் ஒரு பகுதி. அதிலிருந்தே நாம் தொடங்குவோம்.