ஓவியத்தில் இடம்பெறாத மூவர்

அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் முகலாய ஓவியம் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஷாஜஹானின் அரசவை ஓவியர் பிசித்ர் 1630-31இல் தீட்டியது அது. நடுவே அக்பர் வீற்றிருக்கிறார். இருமருங்கிலும் மகன் ஜஹாங்கீரும் பேரன் ஷாஜஹானும். அக்பர் தம் கையிலுள்ள மணிமுடியை அளிப்பது மகனுக்கன்று, பேரனுக்கு. கீழே அமைச்சர்கள் மூவர் நிற்கின்றனர்.

இவ்வாறொரு நிகழ்ச்சி நடந்ததே இல்லை. 1605இல் அக்பர் காலமானபோது, குர்ரம் என்னும் இயற்பெயர் கொண்ட ஷாஜஹானுக்கு வயது 13. முடி ஜஹாங்கீருக்கே சென்றது. அவ்வாறாயின் ஓவியர் ஏன் இப்படி வரைந்தார்?

1622இல் குர்ரம் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். சினமுற்ற ஜஹாங்கீர் அவரைப் 'பேதௌலத்', அதாவது பேறற்றவன், என்று அழைக்கச் செய்தார். 1628இல் குர்ரம் அரியணை ஏறியபோது, சகோதரர் ஷஹ்ரியார் உள்ளிட்ட போட்டியாளர்கள் அவரது ஆணையின்படி கொல்லப்பட்டனர். தந்தையின் மனமார்ந்த ஆசியின்றிக் கிடைத்த அரசுரிமைக்குப் பாட்டனாரின் கை தேவைப்பட்டது. ஆயினும் ஜஹாங்கீரை விலக்கிவிட்டால் வம்சச் சங்கிலி அறுந்துபோகும். எனவே அவர் அருகிலேயே அமர்த்தப்பட்டார். கொடுப்பவராக அல்ல, சாட்சியாக.

இதே மின்டோ தொகுப்பைச் சேர்ந்த, கோவர்த்தன் வரைந்த இணை ஓவியம் லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஹுமாயூன் உடனிருக்க, பாபருக்கு முடி வழங்குபவர் தைமூர். தைமூர் இறந்தது 1405இல். பாபர் பிறந்தது 1483இல். தைமூருக்குரிய 'சாஹிபே கிரான்' என்னும் விருதுப் பெயரைத் தழுவி, ஷாஜஹான் தம்மை 'இரண்டாம் சாஹிபே கிரான்' என அழைத்துக்கொண்டார் என்பதை நினைவிற்கொண்டால் இரு ஓவியங்களின் நோக்கமும் ஒன்றே என்பது புலப்படும்.

இனி அமைச்சர்களை நோக்குவோம். கானே ஆஸம் மிர்ஸா அஜீஸ் கோகா அக்பரின் பால்குடிச் சகோதரர். இருவரையும் பிணைத்தது அவருடைய அன்னை ஜீஜீ அனகாவின் பால். இஃதிமாதுத் தௌலா ஜஹாங்கீரின் மாமனார், நூர்ஜஹானின் தந்தை. ஆஸஃப் கான் ஷாஜஹானின் மாமனார். மும்தாஜ் மஹலின் தந்தை. ஆகவே, அரசவைக் காட்சிபோல் தோன்றும் இது உண்மையில் ஒரு குடும்ப ஓவியமே. ஆண்கள் அறுவர் இதில் உள்ளனர். அவர்களை உறவாக்கிய பெண்கள் மூவரும் இல்லை.

இந்த இன்மையும் பொருளற்றதன்று. நூர்ஜஹான் தம் மருமகன் ஷஹ்ரியாருக்கு அரியணையைப் பெற்றுத்தர முயன்றார். அவருடைய உடன்பிறந்த ஆஸஃப் கானோ தம் மருமகன் ஷாஜஹானின் பக்கம் நின்றார். அந்தப் பிளவின் சுவடேதும் இங்கில்லை. அண்ணன் நிற்கிறார், தந்தை நிற்கிறார்; பிளவின் நாயகி மட்டும் காணப்படவில்லை. வம்ச ஓவியம் நடந்ததைக் காட்டும் கண்ணாடியன்று. நடந்திருக்க வேண்டும் என்று அரசர் விரும்பியதை முன்வைக்கும் வாதம். அதில் உள்ளவர்களைப் போலவே இல்லாதவர்களையும் படித்தாக வேண்டும்.

மணிமுடி இவ்வளவு அமைதியாகக் கைமாறும் காட்சி அடுத்த தலைமுறைக்கும் வாய்க்கவில்லை. 1658இல் ஔரங்கசீப் தந்தையைச் சிறைவைத்தார். 1666இல் ஆக்ரா கோட்டையில் இறக்கும்வரை ஷாஜஹானுக்கு உடனிருந்து பணிவிடை செய்தவர் ஒரு பெண்: மகள் ஜஹானாரா.