வில்லியின் காடு

ராஜபாளையத்தில் தங்குகிறவர்கள் விடியற்காலையில் எழுந்து மொட்டை மாடிக்குப் போக வேண்டும். மேற்கே, ஊருக்கு யாரோ சாத்தி வைத்த பெரிய கதவு மாதிரி மலைத்தொடர் நிற்கும். கிழக்கே திரும்பினால் தன்னந்தனியாக ஒரு குன்று. அதற்குச் சஞ்சீவி மலை என்று பெயர். அனுமார் சஞ்சீவி பர்வதத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது பிய்ந்து விழுந்த துண்டு என்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படி அனுமார் சிந்திய துண்டுகள் அநேகம். எல்லாம் போக லட்சுமணனுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் உண்டு.

ராஜபாளையம் அவ்வளவு புராதனமான ஊர் அல்ல. விஜயநகரம் ஓங்கியிருந்த காலத்துக்குப் பின் ஆந்திர தேசத்திலிருந்து வந்த ராஜுக்கள் மலையடிவாரத்தில் நிலைத்து உண்டாக்கியது. பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாக்கோட்டை என்று பெயர்களிலேயே படைவீட்டு வாசனை அடிக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர்தான். தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர்.

ஆனால் நான் வந்தது ராஜாக்களைத் தேடி அல்ல. ஒரு வேடனைத் தேடி. பஸ் ஏறினேன். ஏழு மைலில் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊர்ப் பெயருக்குள்ளேயே அவன் இருக்கிறான்.

ஸ்தல புராணம் சொல்லும் கதை இது. இந்தப் பிரதேசம் முழுவதும் காடாக இருந்த காலத்தில் மல்லி என்ற வேடர்குல அரசிக்கு வில்லி, கந்தன் என்று இரண்டு பிள்ளைகள். அண்ணன் தம்பி இருவரும் வேட்டைக்குப் போனார்கள். புலியைத் துரத்திச் சென்ற கந்தன் புலிக்கே இரையானான். தம்பியைத் தேடி அலைந்த வில்லி, களைத்துப்போய் ஒரு மரத்தடியில் தூங்கிவிட்டான். கனவில் பெருமாள் தோன்றி, நடந்ததைச் சொல்லி, ‘இந்தக் காட்டைத் திருத்தி எனக்குக் கோயில் கட்டு’ என்று கட்டளையிட்டார். வில்லி அப்படியே செய்தான். அவன் அமைத்த புது ஊர் வில்லிபுத்தூர் ஆயிற்று.

சிறு வயதில் இதைக் கேட்டபோது எனக்குப் புலி ஒன்றுதான் மனசில் நின்றது. இப்போது வேறொன்று உறுத்துகிறது. புராணம் அண்ணனை அழவிடவே இல்லை. கனவு முடிந்ததும் அவன் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுகிறான். நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த இடத்தில்தான் கதையே ஆரம்பமாகிறது. ஒவ்வொரு மரமாக வெட்டிச் சாய்த்தபோது வில்லி தேடியது பெருமாளுக்கு இடத்தையா, தம்பியைக் கொன்ற புலியையா?

சரித்திரக்காரர்கள் இந்தக் கதையை ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்க மாட்டேன். மலையடிவாரக் காடு விளைநிலமாக மாறியதும், வேட்டையாடிய மக்கள் கோயிலுக்குப் பக்கத்தில் குடியேறியதும் ஒரு நாளில் நடந்த காரியம் அல்ல. அதற்கு எத்தனை உயிர் செலவாயிற்று என்று கல்வெட்டு எழுதி வைக்காது. கதை ஓர் உயிரையாவது பெயரோடு கணக்கு வைத்திருக்கிறது.

பெரியாழ்வார் காலத்துக்குள் இங்கே நந்தவனம் வந்துவிட்டது. அதில் ஒரு துளசிச் செடியின் கீழேதான் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தார் என்பது ஐதீகம். திருப்பாவையில் வெள்ளி உதித்ததையும் வியாழன் மறைந்ததையும் ஆண்டாள் சொல்வதை வைத்துக்கொண்டு, அது கி.பி. 731 என்று மு. இராகவையங்கார் கணித்தார். அது ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. எப்படியானாலும், புலி படுத்திருந்த மண்ணில் பூப்பறிக்கும் பெண் ஒருத்தி நடந்து போவதற்குள் எத்தனை தலைமுறை கழிந்ததோ!

வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் பதினொரு நிலை. 190 அடிக்கு மேல் உயரம். அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரந்தான் என்று ஊரார் சத்தியம் செய்வார்கள். மதுரைக்காரர்கள் ஒப்புவதில்லை. இரண்டு ஊரிலும் சாப்பிட்டிருக்கிறேன். தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கருக்கும் இந்த ஊரில் ஓர் அரண்மனை உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது மணி மண்டபங்களின் கதை. ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த பிறகே நாயக்கர் மதுரையில் இலையில் உட்காருவாராம். இங்கே அடித்த மணியைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் அடிப்பார்கள். அதைக் கேட்டு அதற்கடுத்ததில். இப்படி நாற்பது மைலுக்கு மேல் ஓசை ஓடி, அரண்மனைச் சமையற்கட்டை எட்டும். வழியில் எங்கேயோ ஒரு மணிக்காரன் கண்ணயர்ந்திருந்தால் மகாராஜா பட்டினிதான்!

மாலைக்கு முன் செண்பகத்தோப்புக்குப் புறப்பட்டேன். ஊருக்கு மேற்கே சில மைல். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் முடிந்து காடு தொடங்கும் இடம். மேலே காட்டழகர் கோயில். பளியர்கள் குடியிருப்பும் இந்தப் பக்கத்தில்தான். 1988இல் சாம்பல் நிற மலை அணிலுக்காக இதைச் சரணாலயமாக்கினார்கள். 2021இல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மலைக்கு அப்புறம் கேரளத்துப் பெரியாறு காடு.

வாசலில் காவலர் என் பையைச் சோதித்தார். தீப்பெட்டி உண்டா, பிளாஸ்டிக் உண்டா என்று கேட்டார். பால்கோவாப் பொட்டலம் மட்டும் இருந்தது.

“ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது சார். நாலு மணிக்குள்ள இறங்கிருங்க” என்றார்.

“புலி இருக்கிறதா?”

“நீங்க பாக்க மாட்டீங்க. அது உங்களைப் பாத்தாலும் பாக்கும்.”

வில்லி கோடரியோடு நுழைந்த காட்டில் நான் கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். தலைக்கு மேலே கிளைகள் சலசலத்தன. நீண்ட வால் ஒன்று தெரிந்து மறைந்தது, அணில்தான். நாலு மணி ஆவதற்கு வெகு முன்பாகவே நான் இறங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

கந்தன் விழுந்த இடம் எது என்று ஊரில் நாலைந்து பேரைக் கேட்டேன். கோயில், குளம், தேர், பால்கோவாக் கடை எல்லாவற்றுக்கும் வழி சொன்னார்கள். இதற்கு மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துப் பெரியவரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். “எந்த மரத்தடின்னு எப்படிச் சொல்றது அண்ணாச்சி, அப்ப எல்லாமே காடுதானே?” என்று சொல்லி, ஜன்னலுக்கு வெளியே மலை முழுவதையும் கையால் காட்டினார்.