156 அடுக்குகள்

போன வாரம் நாரிஸ் குரோன் என்ற ஆய்வாளரை ஆய்வேடும் கையுமாக நிறுத்திவிட்டுப் போனோம். முன்னோக்கிச் சாய்ந்த இறக்கையை முறியாமல் செய்ய முடியும் என்றது அவருடைய கணக்கு. அது பலிக்குமா என்று பார்க்கும் நாள் வந்துவிட்டது.

1984 டிசம்பர் 14. கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம்.

ஓடுபாதையில் எக்ஸ்-29 என்ற சோதனை விமானம் நிற்கிறது. இறக்கைகளைத் திருப்பி மாட்டிவிட்டார்களோ என்று தோன்றும் உருவம். உள்ளே சக் சூவெல், கிரம்மன் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி.

முன்சாய்ந்த இறக்கையின் குணம் அவருக்குத் தெரியும். காற்று தூக்கும்போது இறக்கை மேலே வளையும். வளையும்போதே முன்விளிம்பு நிமிரும். நிமிர்ந்தால் காற்று இன்னும் பலமாகத் தூக்கும். இன்னும் வளையும். வேகம் எல்லை மீறினால்?

முறிந்துவிடும்.

உலோகத்தில் இதைத் தடுக்க ஒரே வழி, கனத்தைக் கூட்டுவது. கனம் கூடினால் போர் விமானத்துக்கு அந்த இறக்கையால் என்ன லாபம்?

குரோன் கார்பன் இழையைப் பிடித்தார். வேட்டியை நூலோட்டத்தில் இழுத்துப் பாருங்கள், அசையாது. மூலைவாட்டில் இழுங்கள், கோணிக்கொள்ளும். இழைகளையும் அப்படிக் கோணம் பார்த்து அடுக்கினால், இறக்கை வளையும்போது முன்விளிம்பு நிமிராமல் அடங்கும். எந்த அடுக்கு எந்தக் கோணத்தில் என்பதைக் கணினி கணக்கிட்டது.

ஆனால், கணினி இறக்கை செய்யாது.

செய்ய வேண்டியவர்கள் பட்டறையில் இருந்தார்கள். எபாக்சி பிசினில் தோய்ந்த இழை நாடாவுக்கு ஒரே தடிமன்தான். கணக்கு கேட்கிறதே என்று அரை அடுக்கு வைக்க முடியாது. அடுக்குகள் சமனாக அமையாவிட்டால், ஆட்டோகிளேவ் அடுப்பில் வெந்து ஆறும்போது தகடு கோணிவிடும். இடையில் காற்று சிக்கினால் அங்கே பலம் போயிற்று. கோணம் பிசகினாலோ, இறக்கை தன் பழைய குணத்துக்கே திரும்பும். இறக்கைத் தோலின் மிகத் தடித்த இடத்தில் மட்டும் 156 அடுக்குகள்!

அத்தனையையும் அடுக்கி, வேகவைத்து, உள்ளே அலுமினியமும் டைட்டானியமும் சேர்ந்த சட்டத்தில் பொருத்தினார்கள். கிரம்மனுக்கு இதில் ஒரு வைராக்கியமும் இருந்தது. ஹைமேட் என்ற ஆய்வு விமானத்துக்கான போட்டியில் ராக்வெல்லிடம் தோற்றவர்கள் அவர்கள். இன்னொரு தோல்விக்கு அவர்கள் தயாராக இல்லை.

சூவெல் எஞ்சினை முடுக்குகிறார். விமானம் ஓடுகிறது. மூக்கு எழும்புகிறது.

தரை விலகியது.

இனி இறக்கையின் மேல்தான் முழு எடையும். போதாக்குறைக்கு, மனிதக் கையால் மட்டும் ஓட்ட முடியாத அளவுக்கு நிலையற்ற விமானம் இது. மூன்று கணினிகள் நொடிக்கு 40 முறை திருத்திக்கொண்டே வருகின்றன. பாதுகாப்புக்காக வேகம் குறைவாகவே வைக்கப்பட்டிருக்கிறது. கீழே எல்லார் கண்ணும் அந்த இறக்கையில்.

வளைந்தது.

முறுக்கிக்கொள்ளவில்லை!

சுமார் ஒரு மணி நேரம் பறந்துவிட்டு சூவெல் பத்திரமாகத் தரையிறங்கினார். கணக்கில் இருந்த இறக்கை பட்டறையிலும் பிறந்துவிட்டது. இந்த வெற்றியில் குரோனுக்கு எவ்வளவு பங்கோ, ஒவ்வொரு அடுக்கையும் கோணம் பிசகாமல் வைத்தவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரியாமல் போனது பெரிய அநியாயம்.

ஆனால் நண்பர்களே, அன்று பறந்தது மெதுவான பறத்தல். முன்சாய்ந்த இறக்கையின் எமன் வேகத்தில்தான் இருக்கிறான். அதுவரை அப்படிப்பட்ட இறக்கையோடு எந்த விமானமும் நேர்மட்டப் பறத்தலில் ஒலியின் வேகத்தைத் தாண்டியதில்லை.

எக்ஸ்-29 அந்தக் கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது இறக்கை என்ன செய்தது?

அடுத்த வாரம் சொல்கிறேன்.